சிங்கப்பூர் புழுக்கமும் மகனின் முகப்பருவும்

சிங்கப்பூரில் வியர்வை காய்வதில்லை. புதுக்கோட்டை வெயிலில் வளர்ந்த எங்களுக்குச் சூடு புதிதல்ல, ஆனால் ஊரில் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் கழுத்து காய்ந்துவிடும். இங்கே ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். எம்ஆர்டி ரயிலில் பள்ளியிலிருந்து திரும்பும் மகனின் சட்டைக் காலர் வீட்டுக்கு வந்த பிறகும் ஈரமாகவே இருக்கும். குடியேறிய சில மாதங்களில் அவன் நெற்றியில் பொடிப்பொடியாகக் கிளம்பியது, கன்னம், தாடை, முதுகு என்று சிவந்து வலிக்கும் பருக்களாகப் பரவியது.

“சூட்டு உடம்புடா தங்கம், எண்ணெய் தேய்ச்சுக் குளி” என்று அம்மா அவனிடம் போனில் சொன்னார். தெரிந்தவர்கள் “முகத்தைச் சுத்தமா வெச்சுக்கச் சொல்லுங்க” என்றார்கள். இந்தப் பேச்சுதான் எனக்குக் கோபத்தை மூட்டியது. பிள்ளை ஏற்கெனவே தோல் உரியும் அளவுக்கு முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

பாலிகிளினிக் என்னும் அரசு மருத்துவ நிலையத்தின் மருத்துவர் முதலில் அவனிடம்தான் பேசினார். “இது அழுக்கால வர்றது இல்லை தம்பி.” பதினான்கு வயதில் ஹார்மோன் எந்த ஊரிலும் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டத்தான் செய்யும், இங்குள்ள புழுக்கமும் சாப்பாடும் தூக்கக் குறைவும் எரிகிற அடுப்பில் விறகு தள்ளுகின்றன என்றார். அப்புறம் நானே தேடிப் படித்தேன். தோலின் துளை அடைத்துக்கொண்ட பிறகே அழற்சி வரும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பரு கண்ணுக்குத் தெரியும் முன்பே மயிர்க்காலைச் சுற்றி நோயெதிர்ப்பு அணுக்கள் கூடி அழற்சி தொடங்கிவிடுகிறது என்று இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள். உள்ளே நடப்பதை மேலே தேய்த்து எப்படி எடுப்பது? தேய்க்கத் தேய்க்கத் தோலின் காப்புதான் குலையும்.

வியர்வையில் ஊறிய தோலில் துளைவாய் உப்பி அடைத்துக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போரில் வெப்பநாடுகளுக்கு வந்த படைவீரர்களுக்கு முதுகெல்லாம் பரு கிளம்பியதை அன்றைய மருத்துவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பக்கத்து இந்தோனேசியாவின் சுமத்ராவில் காடும், மக்கிய தாவரம் நிறைந்த கரிநிலமும் எரியும் மாதங்களில் புகைமூட்டம் வேறு. 2013 ஜூனில் காற்றுமாசுக் குறியீடு 401 வரை போனதைப் பக்கத்து வீட்டு அக்கா இன்னமும் சொல்வார். புகையின் நுண்துகள்கள் முகத்து எண்ணெயில் உள்ள ஸ்குவாலீன் என்னும் கொழுப்புப் பொருளைக் கெடுக்கின்றன. கெட்ட எண்ணெய் துளையை அடைத்து அழற்சியையும் கிளறும். பெய்ஜிங்கில் மாசு ஏறிய நாட்களில் பருவுக்காக மருத்துவமனைக்கு வந்தவர்களும் கூடியதாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. அதனால் புகை நாட்களில் வெளியே போய் வந்ததும் மென்மையான ஃபேஸ் வாஷால் ஒரு கழுவல், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் குடிப்பதில்தான். கோப்பிக் கடையில் வெறுமனே “தே” (தேநீர்) என்று கேட்டால் கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். பள்ளி விட்டால் பபிள் டீ என்னும் இனிப்புத் தேநீர். சர்க்கரை ஏற ஏற இன்சுலினும் ஏறி, சுரப்பியை இன்னும் முடுக்குகிறது. ஆஸ்திரேலியாவில் இளைஞர்களுக்கு 12 வாரம் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள், பருக்கள் நன்றாகக் குறைந்தன என்று 2007-இல் வெளியிட்டார்கள். இங்கே 2022 இறுதியிலிருந்து பான டப்பாக்களில் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்று தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் எழுத்து வருகிறது, ஏ நல்லது, டி மோசம். அவனே அதைப் பார்த்து எடுக்கிறான். கடையில் “தே சி கொசோங்” என்று, கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத பால் ஊற்றி, சர்க்கரை இல்லாமல் கேட்கவும் பழகிவிட்டான்.

அம்மாவின் எண்ணெய்க் குளியலை நிறுத்தவில்லை. தலையில் எண்ணெயோடு தூங்க மட்டும் விடுவதில்லை, அது வழிந்து நெற்றித் துளைகளை அடைக்கிறது. இரவில் முகம் முழுக்கப் பட்டாணி அளவு அடாபலீன் என்னும் பரு மருந்து, காலையில் பென்சாயில் பெராக்சைடு என்னும் இன்னொரு பூச்சு. அவனுடைய நீலத் துண்டு திட்டுத்திட்டாக வெளுத்துப்போனது இந்தக் காலை மருந்தால்தான். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

நம் நிறத்துக்குப் பரு அடங்கினாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். அதைப் போக்க ஊரிலிருந்து யாராவது “முகம் வெளுக்கும்” கிரீம் கொண்டுவந்தால் தயவுசெய்து பிள்ளைக்குப் பூசாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, முதலில் பளிச்சென்று காட்டிவிட்டுத் தோலை மெலியவைத்துப் பருவையும் கூட்டும். சன்ஸ்கிரீன் போதும், கிள்ளாமல் இருந்தால் போதும். மகனின் கன்னத்தில் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன, வலிக்கும் கட்டிகள் வருவது நின்றுவிட்டது.