ஆளுக்கொரு டிகிரி

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு டிகிரி. என் வீட்டுக்காரருக்கு 19. அத்தைக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, 23. மாமாவுக்கு ஹீட்டரே அநாவசியச் செலவு, ஆனால் அத்தை பக்கத்தில் இருந்தால் அவருக்கும் 23தான். மகன் வெளியே பனி கொட்டினாலும் அரைக்கால் சட்டையை விட மாட்டான். மகளுக்கு எந்நேரமும் கால் சில்லிட்டுப் போகும், சாக்ஸ் மட்டும் போட மாட்டாள். நான் எந்தக் கட்சி என்கிறீர்களா? ஹீட்டர் சூட்டை ஏற்றி இறக்கும் தெர்மோஸ்டாட் நடைச்சுவரில், என் மேஜைக்கு நேர் எதிரே இருக்கிறது. யார் வந்து ஏற்றினார்கள், யார் வந்து இறக்கினார்கள் என்று பார்ப்பதற்கே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது.

இறக்குவதில் இவருக்கு ஒரு பாணி உண்டு. தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி வருவார். நடையை நிறுத்த மாட்டார், தெர்மோஸ்டாட்டைப் பார்க்கக்கூட மாட்டார். கை மட்டும் தானாக உயரும், பொத்தான் இரண்டு முறை அமுங்கும், ஆள் சமையலறைக்குள் போயிருப்பார். அத்தைக்கு இந்த ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எண்ணை உரக்கப் படிப்பார். “19ஆ? மனுஷங்க இருக்கிற வீடா இது?” என்று வீடு முழுக்க அறிவித்துவிட்டுத்தான் ஏற்றுவார். அதையே நான் ஒரு டிகிரி ஏற்றிவிட்டால், “பில் வரட்டும், அப்ப தெரியும்” என்பார் இவர். அத்தை நாலு டிகிரி ஏற்றினால், “அம்மாவுக்கு முடியல போலிருக்கு” என்பார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்.

மகன் கதை வேறு. வெளியிலிருந்து விறைத்துப்போய் வந்தால் நேராக 28க்குத் தள்ளிவிடுவான். கேட்டால், “அப்பதாம்மா சீக்கிரம் சூடாகும்.” ஹீட்டருக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. நீ 21 வைத்தாலும் அது தன்னால் முடிந்த அளவுக்குத்தான் எரியும், 28 வைத்தாலும் அதே அளவுக்குத்தான் எரியும். ஒரே வித்தியாசம், 21 வந்ததும் நிற்க வேண்டியது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இதை அவனுக்கு அவன் அப்பா படம் வரைந்தே விளக்கியிருக்கிறார். அவனும் தலையாட்டிவிட்டு மறுநாளும் 28தான் வைத்தான். அரை மணி நேரத்தில் வீடு கொதிக்கும். மாமா எழுந்து, “கொஞ்சம் காத்து வரட்டும்” என்று ஜன்னலைத் திறந்துவிடுவார். காசு போட்டுச் சூடாக்கிய காற்று தெருவுக்குப் போகும். இவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒருநாள் இரவு எல்லோரும் ஹாலில் இருக்கும்போது இவர் போனும் கையுமாக வந்து உட்கார்ந்தார். சட்டரீதியாக மோதுவது என்று முடிவு செய்துவிட்டார் போல. “உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. 2018ல வந்த வழிகாட்டுதல். குளிர்காலத்துல வீட்டுக்குள்ள 18 டிகிரி இருந்தா போதும். நான் 19 வைக்கிறேன். ஒரு டிகிரி தாராளமாவே வைக்கிறேன்.”

மகள் போனை வாங்கி ஒரு வரி கீழே படித்தாள். “முதியவர்கள், குழந்தைகள், உடல்நலம் இல்லாதவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம்னு போட்டிருக்கேப்பா. அதுவும் 18ங்கிறது போதும்கிற கணக்கு இல்ல. அதுக்குக் கீழே போகக் கூடாதுங்கிற கணக்கு.”

“படிக்கிறதுன்னா முழுசாப் படிக்கணும்பா” என்றார் அத்தை.

தன் மகனுக்கு, அதாவது இவருக்கு, ஆதரவாக மாமா களமிறங்கினார். பழைய செய்தியெல்லாம் அவர் விரல் நுனியில். “1977 பிப்ரவரி. அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர். எரிபொருள் தட்டுப்பாடு வந்ததும் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு டிவியில வந்து உட்கார்ந்தார். பகல்ல 65 டிகிரி ஃபாரன்ஹீட், ராத்திரி 55 வெச்சுக்கோங்கன்னு நாட்டு ஜனங்களைக் கேட்டுக்கிட்டார். நம்ம கணக்குல 18, 13.”

“எங்க உட்கார்ந்து சொன்னார்?” என்றார் அத்தை.

“வெள்ளை மாளிகையில.”

“அது தெரியுது. எதுக்குப் பக்கத்துல?”

மகன் அந்த வீடியோவைத் தேடி எடுத்தான். கார்ட்டருக்குப் பக்கத்தில் கணப்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. “நெருப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஊருக்கு உபதேசம்” என்று சொல்லிவிட்டு அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மாமா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

மகள் விடுவதாக இல்லை. அலுவலகங்களில் எத்தனை டிகிரி வைப்பது என்ற கணக்கே 40 வயது, 70 கிலோ ஆண் ஒருவரின் உடம்பை வைத்துப் போட்டது, பெண்கள் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை அது 35 சதவீதம் வரைகூட அதிகமாக மதிப்பிட்டுவிடுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் இரண்டு பேர் 2015ல் எழுதியதை எடுத்துவிட்டாள். “அந்த 70 கிலோ ஆண் நான்தானா?” என்றார் இவர். யாரும் பதில் சொல்லவில்லை. 40ம் 70ம் அவரைவிட்டுப் போய் ரொம்ப காலம் ஆகிறது.

வாய்ச்சண்டையில் தோற்றவர் அடுத்த வாரம் ஒரு பை நிறைய சின்னச் சின்ன தெர்மாமீட்டர்களோடு வந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, மேலே டிகிரி, கீழே ஈரப்பதம் காட்டும். அறைக்கு ஒன்று வைத்தார். அத்தை நாற்காலிக்கு மட்டும் இரண்டு, தலை உயரத்தில் ஒன்று, பாதத்துக்குப் பக்கத்தில் ஒன்று. “இனிமே குளிருது, வேகுதுன்னு யாரும் சும்மா சொல்ல முடியாது. எண் பேசும்” என்றார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

எண் பேசியது. நடைச்சுவரில் 21. மகன் அறையில் 24, கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரை நாள் முழுக்க ஓடவிட்டால் அது தனி ஹீட்டர்தானே. எங்கள் படுக்கையறையில் 17. அடுப்பு எரிந்துகொண்டிருந்த சமையலறையில் 23. அத்தை நாற்காலியில் தலைப்பக்கம் 20. தரையில் குனிந்து பார்த்துவிட்டு இவர் நிமிரவேயில்லை. 16.

“என்னடா, படிக்க வரலையா?” என்றார் அத்தை.

ஒரே வீட்டுக்குள் இத்தனை பருவகாலம் இருந்தது யாருக்கும் தெரியாது. வம்பே இதுதான்: எல்லோர் சொன்னதும் சரி என்று ஆகிவிட்டது. சண்டையில் யாராவது ஒருத்தர் தப்பாக இருந்தால்தானே அது முடியும்? அரைக்கால் சட்டைக்காரன், “நான்தான் சொன்னேனே, வேகுதுன்னு” என்றான். மகள் குளிர்ந்த காலைத் தூக்கிக் காட்டினாள். மாமா மட்டும் 21 என்று ஒப்புக்கொண்ட ஒரே இடமான நடையில் போய் நின்றுகொண்டார்.

ராத்திரி இவர் மறுபடியும் படிக்க உட்கார்ந்தார். இந்த முறை உருப்படியான ஒன்று கிடைத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபேங்கர் என்ற பேராசிரியர் 1970லேயே இதையெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஒருவருக்குக் குளிர்கிறதா இல்லையா என்பதை ஆறு விஷயங்கள் முடிவு செய்கின்றன: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர், கண்ணாடி இவற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்று வீசும் வேகம், உடுத்தியிருக்கும் துணி, செய்துகொண்டிருக்கும் வேலை. நடைச்சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு இதில் முதல் ஒன்றுதான் தெரியும். அதுவும் நடையில் இருக்கும் காற்றைப் பற்றி மட்டும். அத்தை உட்கார்ந்திருப்பது பெரிய ஜன்னல் ஓரத்தில். கண்ணாடி சில்லென்று இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் உடம்புச் சூடு அதைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும். கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி நேராகக் காலில் விழும். அப்புறம் அங்கே காற்று 21 இருந்தாலும் சரி, உடம்புக்கு அது 21 இல்லை. எழுபது வயதுக்காரர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, நாளெல்லாம் மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிற ஆளுக்குச் சரியாக இருக்கும் எண் எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றும் சொல்கிறார் ஃபேங்கர். எல்லாவற்றையும் எவ்வளவு கச்சிதமாக அமைத்தாலும் நூற்றுக்கு 5 பேர் திருப்திப்பட மாட்டார்கள். இவர் உடனே பேனா எடுத்துவிட்டார். ஆறு பேர் வீட்டில் 5 சதவீதம் என்றால் 0.3 ஆள். “அந்த 0.3 ஆள் அம்மாவோட முழங்காலுக்குக் கீழே” என்றார். நான் சிரித்தது பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும்.

காலையில் அத்தையிடம் பக்குவமாகப் பேச்சை எடுத்தார். “அம்மா, நாற்காலியை மட்டும் அந்த உள்சுவர்ப் பக்கம் போட்டுடலாமா? அங்க ஒரு டிகிரிகூட ஏத்த வேண்டாம். தானா சூடா இருக்கும்.”

“இந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தாத்தான் தெருவுல யார் வர்றா, யார் போறான்னு தெரியும். வேணும்னா ஜன்னலை நகர்த்து.”

கனமான திரை போடலாம் என்றேன். தெரு தெரியாதே. அத்தைக்குக் குளிர்வதைவிடத் தெரு தெரியாமல் போவது பெரிய கஷ்டம். கடைசியில் பகலில் திரை திறந்திருக்கும், விளக்கு வைத்ததும் மூடிவிட வேண்டும் என்று ஒப்பந்தமானது. இருட்டினால் தெருவில் பார்க்க ஒன்றுமில்லை என்பது மட்டுமல்ல, உள்ளே விளக்கு எரிந்தால் தெருதான் நம்மைப் பார்க்கும் என்று மகள் சொன்னது அத்தைக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் இவர் ரப்பர் பட்டை ஒட்டினார். நாற்காலிக்குக் கீழே தடிமனான விரிப்பு. காலுக்கு வெந்நீர்ப் பை. அதன்மேல் ஒரு போர்வை. இத்தனைக்கும் அத்தை, “எனக்கு எதுக்கு இதெல்லாம், நான் என்ன சீக்காளியா?” என்று சொல்லிக்கொண்டே பையைப் பாதத்தால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஹீட்டரை ஒரு டிகிரி குறைத்தால் பில்லில் ஏறத்தாழ 6, 7 சதவீதம் மிச்சமாகும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இவர் 20ல் கொண்டுவந்து நிறுத்தினார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரும் ஏற்றவில்லை. படுக்கையறையில் 17 இருப்பது எனக்கு ஆட்சேபணையே இல்லை, கம்பளிக்குள் புகுந்துகொண்டால் தூக்கம் அப்படி வருகிறது. மகள் சாக்ஸ் போட ஆரம்பித்திருக்கிறாள் என்று எழுத ஆசைதான். அவள் பாட்டியின் வெந்நீர்ப் பையில் பங்கு கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

ஒரே ஒரு புதுத் தொந்தரவு, அந்த ஈரப்பதக் கணக்கு. வெளியே உள்ள குளிர்ந்த காற்றில் ஈரம் கொஞ்சம்தான் நிற்கும். அதை உள்ளே கொண்டுவந்து சூடாக்கினால் காய்ந்துவிடும். தெர்மாமீட்டர் 30 சதவீதம் என்று காட்டிய நாளிலிருந்து மாமா தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறார். அந்த எண்ணைப் பார்க்கும்வரை அவர் தொண்டைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

போன வாரம் சொந்தக்காரர்கள் கும்பலாக வந்திருந்தார்கள். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். பத்துப் பேர் வந்து உட்கார்ந்தால் ஹாலில் ஒரு கிலோவாட் ஹீட்டர் போட்ட மாதிரி. நம் உறவினர்கள் சும்மா உட்காருகிறவர்களும் அல்ல. கையை ஆட்டி, எழுந்து, உட்கார்ந்து, ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுகிறவர்கள். கொஞ்ச நேரத்தில் ஹால் 24ஐத் தொட்டுவிட்டது. ஹீட்டர் எப்போதோ தானாக அணைந்திருந்தது. இவர் தெர்மாமீட்டரைப் பார்ப்பதும் வந்தவர்களைப் பார்ப்பதுமாக, தலைக்கு எத்தனை வாட் என்று மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சின்ன மாமியார் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, “ஏன்க்கா, இப்படியா சூடு வெச்சிருப்பீங்க? மூச்சு முட்டுது. பில் எவ்வளவு வருது?” என்றார்.

அத்தை வெந்நீர்ப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, இவர் பக்கம் கையைக் காட்டினார்.

“எல்லாம் இவன்தான். நான் 19 போதும்னா கேட்டாத்தானே.”