வேன்ல போற பிள்ளைகளும் டவுன் பஸ்ல போற பிள்ளைகளும்

மதுரை ஒத்தக்கடையில் சாயங்காலம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மெட்ரிக் பிள்ளைகளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். "தனியார்ல படிச்சாத்தான் சார் புள்ளைக்கு நாலு பேருகிட்டப் பேசிப் பழக வரும்" என்று பெற்றோர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எந்த நாலு பேரிடம்?

வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினாலே தெரிந்துவிடும். அரசுப் பள்ளிப் பையன், "அண்ணே, நெறைய இருக்கு, பாத்துப் போடுங்கண்ணே" என்று பேசி விலையைக் குறைத்து, மீதிச் சில்லறையை எண்ணி என் மேசையில் வைப்பான். மெட்ரிக் பையன் கடை வாசலில் நின்றுகொண்டே எனக்கு போன் போடுவான்: "சார், கூட்டமா இருக்கு, என்ன பண்ண?" இதே பையனிடம் மைக்கைக் கொடுங்கள், இங்கிலீஷில் தங்குதடையில்லாமல் பேசுவான். மற்றவனுக்கு அங்கே பெயரைச் சொல்வதற்குள் வியர்த்துவிடும்.

பாடத்தை இதற்குக் காரணம் சொல்ல முடியாது. 2010 சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம்தானே. பாதிக் காரணம் பள்ளிக்குப் போகிற வழி என்பேன். வேன் வீட்டு வாசலில் ஏற்றிப் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிறது, கூடப் படிப்பவன் ஒருத்தன் கே.கே. நகர், இன்னொருத்தன் திருப்பாலை, அதனால் நட்பெல்லாம் போனுக்குள்ளேயே நடக்கிறது, சண்டை வந்தாலும் குரூப்பை விட்டு வெளியேறினால் முடிந்தது. பஸ் பாஸ் பையன் அப்படி வெளியேற முடியாது. காலையில் சண்டை போட்டவனோடுதான் சாயங்காலம் அதே பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டும், கண்டக்டரிடம் திட்டு வாங்க வேண்டும், பாட்டிக்கு இடம் விட வேண்டும். ஃபுட்போர்டில் தொங்கும் வீம்பும் அங்கேதான் கற்றுக்கொள்கிறான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டையும் பார்த்த பிள்ளைகளும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரைதான் அரசு கட்டணம் கொடுக்கும். ஒன்பதாம் வகுப்பில் பணம் கட்ட வழியில்லாமல் அரசுப் பள்ளிக்கு மாறிய ஒருத்தன் என்னிடம் படிக்கிறான். முதலில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்காருவானாம். இப்போது சத்துணவு முட்டைக்கு வரிசையில் முந்துகிறான், டியூஷனில் சத்தம் போடுவதும் அவன்தான்.

அதற்காக அரசுப் பள்ளி என்றால் சமத்துவபுரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. நம்ம பக்கமும் அந்தக் கயிறு இல்லாமலில்லை. தனியாரில் கயிறு அவ்வளவாகக் கண்ணில் படாது; அங்கே ஆளைப் பிரிக்கும் வேலையைக் கட்டண ரசீதே பாதி முடித்துவிடுகிறது.

வாரத்துக்கு ஒரு நாளாவது மகனை டவுன் பஸ்ஸில் அனுப்புங்கள் என்று ஒரு அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கா சார் வருசத்துக்கு இவ்வளவு கட்டுறோம்?" என்றார்.