அடுத்த மூன்று மாதம் என்ன படிக்கிறோம்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இனி மூன்று மாதம் மாற்றுத்திறனாளிகள் மையமாக வரும் கதைகள் மட்டும்தான். மையம் என்றால், கடைசி அத்தியாயத்தில் பார்வை திரும்புகிறவர், செய்த பாவத்துக்குக் கால் போனவர், நாயகனின் நல்ல மனசைக் காட்டுவதற்காகவே வந்துபோகிறவர், இவர்களெல்லாம் வேண்டாம். வேலைக்குப் போய், காதலித்து, வீட்டு ஓனரோடு சண்டை போடுகிற ஆட்கள் வேண்டும். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, நம் கதைகளிலோ பார்வையற்றவரையும் சக்கர நாற்காலியையும் தாண்டினால் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது (பார்வையற்றவர் என்றால் பாடகராகத்தான் இருப்பார், அது ஏனோ).

அப்புறம், கூடுவது தரைத்தளத்தில், வாசிப்பது சத்தமாக. பார்வையற்ற நண்பர்களுக்கு அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் நூலை மாற்றிக் கொடுக்க 2012 பதிப்புரிமைத் திருத்தமே வழி விட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளே எழுதிய தமிழ் நூல்கள் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள், முதலில் அவற்றைத்தான் எடுக்கப்போகிறோம்.