எம்.எஸ்.டபிள்யூ. மனிதவளம்: நெல்லைப் பக்கம் இருந்து படித்து முடித்த அனுபவம்

மனிதவளம் படிப்பது என்று முடிவான பிறகும் எந்தப் பட்டம் என்ற குழப்பம் லேசில் தீராது. எம்.பி.ஏ.வில் மனிதவளப் பிரிவு உண்டு. சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வில் இரண்டாம் ஆண்டு அதையே சிறப்புப் பாடமாக எடுக்கலாம். சென்னையில் அரசே நடத்தும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை என்று தனிப் படிப்பே இருக்கிறது. எல்லாவற்றையும் விசாரித்தேன். சென்னையில் தங்கிப் படிக்கும் செலவை வீடு தாங்காது. எம்.பி.ஏ.வுக்கு டான்செட் எழுதலாம். கட்டணத்தைக் கேட்டதும் அந்த ஆசையும் அடங்கிவிட்டது. எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு இங்கே பொது நுழைவுத் தேர்வு கிடையாது. இளங்கலை மதிப்பெண், ஒரு நேர்காணல், அவ்வளவுதான். ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. "சமூக சேவை செய்யவா பி.காம். படிச்ச?" என்று தெருவில் கேட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றைத்தான் சொல்கிறேன். இந்தப் பக்கத்திலேயே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால், பட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் அதில் தொழிலாளர் சட்டமும் களப்பணியும் எவ்வளவு என்று பாருங்கள். ஆளெடுப்பது, பயிற்சி கொடுப்பது, ஊக்கப்படுத்துவது பற்றியெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். ஒரு சம்பளப் பதிவேட்டை விரித்துப் போட்டுத் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க, பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும்.

முதல் ஆண்டு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பு என்று பொதுப் பாடங்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் தொண்டு நிறுவனங்களில் களப்பணி. கிராம முகாம் ஒன்று. முகாமில் கற்றதைவிட அங்கே சமைத்ததுதான் அதிகம்.

இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் பாடு ஆரம்பித்தது. களப்பணிக்குத் தொழிற்சாலையை நாமே தேட வேண்டும். துறையில் ஒரு அனுமதிக் கடிதம் தருவார்கள், மற்றதெல்லாம் நம் சாமர்த்தியம். கங்கைகொண்டான் சிப்காட்டில் வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். செக்யூரிட்டி அண்ணாச்சிகள் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதோடு சரி. மின்னஞ்சலுக்கும் பதில் வராது. கடைசியில் வழி சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பழைய தொழிற்சங்கத்து அண்ணாச்சி. "ஹெச்.ஆர். மேனேஜரைப் பாக்கணும்னு கேட்டா உள்ள விட மாட்டானுவ தாயி. டைம் ஆபீஸ்ல யாரு இருக்கான்னு கேட்டுப் போ" என்றார். அது பலித்தது. ஒரு நூற்பாலையில், வருகையும் சம்பளமும் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸின் மேசை ஓரத்தில் எனக்கு நாற்காலி கிடைத்தது.

வகுப்பில் மாதக்கணக்கில் கேட்டது அந்த அறையில்தான் பிடிபட்டது. டைம் ஆபீஸுக்கு என்று ஒரு காலண்டர் உண்டு. 7-ம் தேதிக்குள் சம்பளம் போக வேண்டும். 15-ம் தேதிக்குள் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்., மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. இரண்டையும் கட்ட வேண்டும். அந்த இரண்டு தேதிகளையும் ஒட்டிய நாட்களில் யாரும் யாரிடமும் சிரித்துப் பேசுவதில்லை. நான் அங்கே இருந்தபோது வைண்டிங் பிரிவுத் தொழிலாளி ஒருவர் சம்பளச் சீட்டோடு வந்து சண்டை போட்டார். அவருக்கு அப்போதுதான் சம்பளம் கூடி இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. "வரம்பு தாண்டியாச்சு, இன்னும் எதுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிய?" என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று என இரண்டு பங்களிப்புக் காலங்கள். நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடித்தே ஆக வேண்டும், நிர்வாகமும் தன் 3.25 சதவீதத்தைக் கட்டியே ஆக வேண்டும். மருத்துவ வசதியும் அவருக்குத் தொடரும். இதை டைம் கீப்பர் பொறுமையாகச் சொல்லி முடித்ததும் மனிதர் தணிந்து போனார். தேர்வில் இதே கேள்வி வந்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கும் அங்கே படித்ததுதான். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஏன் 30 இல்லை, 26 என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. வார விடுமுறையைக் கழித்தால் மாதத்தில் வேலை நாள் 26 என்று டைம் கீப்பர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இன்னொரு சங்கதி. தொழிற்சாலை நல அலுவலர் பணிக்கான விதிகளில், தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும் ஒரு தகுதி. அதை எழுதிய காலத்தில் நம் ஊரில் அது தமிழ்தான் என்பதில் சந்தேகம் இருந்திருக்காது. நான் போன ஆலையில் இரவு ஷிப்டில் பாதிக்குப் பாதி வடக்கே இருந்து வந்த பையன்கள். எண்களையும் 'சம்பளம்', 'லீவு', 'கையெழுத்து' போன்ற சொற்களையும் இந்தியில் கற்றுக்கொண்ட பிறகுதான் அவர்கள் என் மேசைப் பக்கம் வந்தார்கள். இப்போது படிக்கிறவர்கள் இதைப் பாடத்திட்டத்தில் எதிர்பார்க்காமல் தாமாகவே பழகிக்கொள்வது நல்லது.

அடுத்தது ஆய்வேடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

என் அம்மா பீடி சுற்றுகிறவர். ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கத்தில் இது ஒன்றும் புதிய செய்தியல்ல. மத்திய அரசின் பீடித் தொழிலாளர் மருத்துவமனையே முக்கூடலில்தான் இருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு ஒவ்வொரு ஆண்டும் விண்ணப்பிக்கும்போதும் அம்மாவின் அடையாள அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, பி.எஃப். கணக்கில் இன்னொரு பிறந்த தேதி என்று இழுபறிதான். அதனால் பீடிப் பெண்களைப் பற்றியே ஆய்வு செய்வது என்று நினைத்தேன். வழிகாட்டி சம்மதித்தார். ஆனால் தலைப்பு 'பணித் திருப்தி' என்று இருக்க வேண்டும், ஐந்து படி அளவுகோல் வேண்டும், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுக் கை-வர்க்கச் (chi-square) சோதனை காட்ட வேண்டும் என்றார். எங்கள் துறையில் பெரும்பாலான ஆய்வேடுகள் இந்த ஒரே அச்சில் வார்த்தவைதான். தொழிற்சாலை மாறும், அட்டவணை மாறாது.

கேள்வித்தாளைத் தமிழில் ஆக்கி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். திண்ணையில் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஆச்சியிடம், "வேலையில உங்களுக்கு ரொம்பத் திருப்தியா, திருப்தியா, சொல்ல முடியாதா?" என்று வாசித்தேன். "ஏளா, திருப்தி இல்லன்னா கம்பெனிக்காரன் எந்திரிச்சு வந்து சுத்துவானா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தூள் பறந்தது. அடுத்த கேள்வி, மேற்பார்வையாளர் உங்களை மரியாதையாக நடத்துகிறாரா என்பது. வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஏது மேற்பார்வையாளர்? ஆச்சி யோசித்துவிட்டு, "கடையில கழிச்சுப் போடுதானே, அவனையா சொல்லுத?" என்றார்.

பீடி பற்றித் தெரியாதவர்களுக்காக: இலையும் தூளும் கடையிலிருந்து வரும். நனைத்து, வெட்டி, சுற்றி, நூல் கட்டி, கட்டுக் கட்டாக எண்ணிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே ஒருவர் கையால் தடவிப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி இல்லை. எங்கள் வீட்டில் சாயங்காலச் சண்டைகளுக்குப் பாதிக் காரணம் இந்தக் கழிவுதான்.

அன்று இரவு சட்டக் குறிப்புகளைப் புரட்டும்போது பி.எம். பட்டேல் வழக்கு கண்ணில் பட்டது. வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டா என்பது அதில் பிரச்சினை. நாங்கள் மேற்பார்க்கவே இல்லையே, அவர்கள் எப்படி எங்கள் தொழிலாளர்கள் ஆவார்கள் என்பது முதலாளிகளின் வாதம். தரமில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதே, அதுவே போதுமான கட்டுப்பாடு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வகுப்பில் இந்தத் தீர்ப்பை இரண்டு வரியில் தாண்டிப் போயிருந்தோம். அம்மாவை அழவைத்த அந்தக் கழிவுதான் அம்மாவைத் தொழிலாளி என்று நிரூபிக்கிறது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

மறுநாளே வழிகாட்டியிடம் போய் மன்றாடினேன். திருப்தி அளவுகோல் ஒரு அத்தியாயமாக இருக்கட்டும், மீதி பி.எஃப். ஆவணங்களைப் பற்றி என்று ஒரு சமரசம் ஆயிற்று. பெண்களின் பாஸ்புக்கையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே என் வேலை. முதலெழுத்து மாற்றம், கல்யாணத்துக்குப் பிறகு தகப்பன் பெயருக்குப் பதில் கணவன் பெயர், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு யாரோ உத்தேசமாகப் போட்ட பிறந்த தேதி. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் 58 வயதில், பத்து ஆண்டுச் சேவை இருந்தும், குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாய் கூட இதனால் மாதக்கணக்கில் நிற்கும். திருத்த வேண்டும் என்றால் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. கேள்வித்தாளோடு போன எனக்கு, ஆய்வு முடிவதற்குள் தெருவில் 'பி.எஃப். பிள்ளை' என்று பெயர் வந்துவிட்டது. அம்மாவின் பெயரும் அந்தச் சாக்கில் திருந்தியது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தொழிற்சங்க வரலாற்றில் ஆரம்பித்தார். இந்தியாவின் முதல் முறையான சங்கம் எது என்றார். 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் என்றேன். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1908 பிப்ரவரியில், தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நடத்திக் கூலி உயர்வும் வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னேன். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி ஜில்லாதானே. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டது கொஞ்சம்தான்.

வேலைக்கான நேர்காணல்கள் இரண்டு விதம். சென்னை மென்பொருள் நிறுவனங்கள் தொலைபேசியில் கேட்டதெல்லாம் ஆளெடுப்பு, எக்செல், ஆங்கிலம். இந்தப் பக்கத்து ஆலைகளில் முதல் கேள்வியே சட்டப் பிரிவு 12(3)-க்கும் 18(1)-க்கும் என்ன வேறுபாடு என்பதுதான். சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) ஒப்பந்தம் ஆலையில் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும், தாமாகப் பேசிப் போட்ட 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டும் கட்டுப்படுத்தும். அதைச் சரியாகச் சொன்ன இடத்தில்தான் வேலை கிடைத்தது.

இந்த எண்களெல்லாம் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் உள்ளவை. 2025 நவம்பர் 21 முதல் பழைய 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 500 தொழிலாளர் இருந்தால்தான் நல அலுவலர் என்று இருந்தது, இப்போது 250. குறித்த காலத்துக்கு எடுக்கும் ஆட்களுக்கு ஒரு ஆண்டிலேயே பணிக்கொடை. ஆனால் சங்கத்து அண்ணாச்சிகள் பேச்சுவார்த்தை மேசையில் இன்னும் "பன்னிரண்டு மூணு" என்றுதான் சொல்கிறார்கள். எனவே இரண்டையும் படித்தாக வேண்டியிருக்கிறது. பழைய குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சேருவதற்கு முன் கல்லூரியில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நல அலுவலர் பணிக்கு அரசு ஏற்கும் தகுதிகளில் இந்தப் பட்டம் இருக்கிறதா என்பது. வாயால் சொன்னால் போதாது, ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். பேராசிரியர் வேலை மனதில் இருந்தால் நெட் தேர்வில் மனிதவளம், தொழிலாளர் நலத்துக்கு என்றே தனிப் பாடம் உண்டு, குறியீடு 55. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் பலர் சமூகப் பணிப் பாடத்தில் எழுதிவிட்டு, இப்படி ஒன்று இருப்பதே பிறகுதான் தெரிந்தது என்கிறார்கள். நான் அடுத்த முறை 55-இல்தான் எழுதப் போகிறேன்.