ஸ்வெட்டர் மேல் போட்ட பழி

கோத்தகிரியில் உறைபனி விழுந்த வாரத்தில் இவர் சொறிய ஆரம்பித்தார். அதிலும் உள்ளங்கை, உள்ளங்காலில்தான் அதிகம். புது ஸ்வெட்டர்தான் காரணம் என்று அதைத் தூக்கிப் பீரோவின் மேல் போட்டேன். சோப்பை மாற்றினேன். பக்கத்து மருத்துவர் அலர்ஜி மாத்திரை எழுதினார். என் கல்லீரலின் வலப்பாகத்தை இவருக்கு வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் யார் நினைப்பும் போகவில்லை. சிறுநீர் பால் விடாத தேநீர் போலப் போகிறது என்று ஓர் இரவு தயங்கித் தயங்கிச் சொன்னார். விடிந்ததும் வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள்.

கோயம்புத்தூரில் எடுத்த எம்ஆர்ஐ படத்தில் பித்தக்குழாய்கள் கிளை விரித்து வெள்ளையாகத் தெரிந்தன. என் குழாயையும் இவர் குழாயையும் தைத்த இடம் மட்டும் நூலாக இருந்தது. தழும்பு இறுகிப் பித்தம் இறங்க வழியில்லையாம், அரிப்பும் மஞ்சளும் அதனால்தானாம். உயிரோடிருப்பவர் கொடுத்த கல்லீரலில் குழாய் சில மில்லிமீட்டர்தான் என்பதால் இது அடிக்கடி நேர்வதாம். என் குழாய்தானே என்று நான் கண்கலங்க, "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்றார். மாடு என்றதற்காக அன்று முழுக்கப் பேசவில்லை.

வாய் வழியே எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு முயன்றார்கள். அதன் வழியே விட்ட மெல்லிய கம்பி, தைத்த இடத்து வளைவைத் தாண்டவில்லை. மறுநாள் மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே கல்லீரலுக்குள் மெல்லிய குழாய் வைத்துப் பித்தத்தை வெளியே ஒரு பையில் இறக்கினார்கள். முதலில் கரும்பச்சை, பிறகு பொன்னிறம். அரிப்பு நாளுக்கு நாள் அடங்கியது.

பையோடு பஸ்ஸில் மலையேறினோம். குழாய் நுழையும் இடத்தைவிடப் பை தாழ்வாகவே இருக்கவேண்டும். ஒரு கொண்டைஊசி வளைவில் சால்வை நழுவ, எதிரே இருந்த பாட்டி, "மலைத்தேனா தம்பி?" என்று கேட்டார். இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார்!

பத்து நாள் கழித்து அதே குழாய் வழியே மேலிருந்து கம்பியை இறக்கிச் சிறுகுடல்வரை கொண்டுபோனார்கள். கீழே எண்டோஸ்கோப் அதைப் பிடித்து இழுத்தது. இறுகிய இடத்தைப் பலூனால் விரித்து, மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் என்ற சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்தார்கள். அது அடைத்துக்கொள்ளும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். இப்போது மூன்று. ஏறக்குறைய ஓராண்டு இப்படி.

எனக்குள்ள பயம் நடுக்கம்தான். குளிருக்கு நடுங்குகிறாரா, குழாயில் கிருமி ஏறி நடுங்குகிறாரா? எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குக் காலைவரை பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை. தெர்மாமீட்டர் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. ஸ்வெட்டர் இன்னும் பீரோவின் மேல்தான். எடுத்துக் கொடுத்தால் போட மறுக்கிறார்.