வேலி ஓடணும், கார் நிற்கணும்

ஓடுகிற காரை இன்னொரு வண்டியிலிருந்து படமெடுக்க எந்தக் கேமரா நல்லது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பார்கள். முதலில் நல்ல வேலியாகப் பாருங்கள் என்பேன். ரோட்டை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், கிலோமீட்டர் கணக்கில் நீள்கிற வேலி. அதற்குக் காங்கயம் பக்கம் போகாமல் வேறெங்கே போவது?

விஷயம் இதுதான். இரண்டு வண்டியும் ஒரே வேகத்தில் போனால், கேமராவைப் பொறுத்தவரை எதிரே இருக்கிற கார் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஓடுவது ரோடும் ரோட்டோரமும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற வண்டி நொடிக்குச் சுமார் 11 மீட்டர் போகும். கேமராவுக்குள் வெளிச்சத்தை விடுகிற ஷட்டர் 1/1000 நொடி திறந்து மூடினால் அதற்குள் ஒரு சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். படத்தில் கார் நடுரோட்டில் நிறுத்தி வைத்தது போலவே இருக்கும், சக்கரத்து நட்டைக்கூட எண்ணிவிடலாம். அதையே 1/50 நொடி ஆக்கினால் 22 சென்டிமீட்டர். தார் ரோட்டின் ஜல்லி கோடுகோடாக இழுபடும், சக்கரம் ஒன்பதில் ஒரு பங்கு சுற்றியிருக்கும், கார் மட்டும் அச்சடித்தது போல நிற்கும்.

ஆனால் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் பாதிப் படம். ரயில் ஜன்னலில் பக்கத்துக் கம்பம் பறக்கும், தூரத்து மலை கூடவே வரும் இல்லையா, அதே கணக்கு. வெட்டவெளியில் கிட்டத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் 1/50 வைத்தும் பெரிய பயன் இல்லை, ரோடு மட்டும் இழுபட்டு மற்றதெல்லாம் சும்மா கிடக்கும். வேகம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது ஓட வேண்டும்.

காங்கயம், தாராபுரம் வட்டாரத்தில் கொறங்காடு என்று சொல்லுகிற மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும், அங்கங்கே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை முள்வேலியும். காங்கயம் மாடுகள் மேய்கிற காடுகள் இவை. கிளுவை உயிர்வேலி. குச்சியை நட்டுவைத்தால் அதுவே துளிர்த்துப் பின்னிக்கொள்ளும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு முள்ளும் கொம்புமாக நிற்கும். படம் எடுப்பவனுக்கு அதுதான் வேண்டியது. ஆயிரம் மெல்லிய செங்குத்துக் குச்சிகள் 1/50 நொடியில் கிடைக்கோடாக மாறும்போது, தூரிகையால் இழுத்த செம்பழுப்புப் பட்டை ஒன்று காருக்குப் பின்னால் ஓடும். கம்பிவேலியில் இது வராது. காம்பவுண்டு சுவரில் சுத்தமாக வராது. வெள்ளைச் சுவர் இழுபட்டாலும் வெள்ளைச் சுவர்தானே.

இந்த ஆடி மாதம் போனோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று அது, கேமராவைப் பிடித்த கையையும் ஆட்டிவிடும். ஆனாலும் அந்த மாதத்து வெளிச்சத்துக்காகப் போகலாம். வானம் பாதி மூடியே கிடப்பதால் வெயில் கடுமையாக விழாது. உச்சி வெயிலில், கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓ 100-ல் 1/50 வைத்தால், லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரை எஃப்/22 என்கிற மிகச் சிறிய அளவுவரை மூட வேண்டிவரும், படத்தின் கூர்மை போய்விடும். அதைத் தடுக்கத்தான் லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போல மாட்டுகிற என்.டி. ஃபில்டர். காலை ஏழு மணி மேகத்துக்கு அது தேவைப்படவில்லை. பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் மட்டும் மாட்டினேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், முன்கண்ணாடியில் படிகிற வானத்தையும் துடைத்துவிடும். ஓட்டுபவர் முகம் தெரிய வேண்டுமே.

ஓட்டுபவர் என் மாமா. அவருடையது மார்க் 4 அம்பாசிடர், சாம்பல் நிறம், ஸ்டீயரிங்கை ஒட்டிக் கைகியர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அந்த உடம்பு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் தயாரிப்பை நிறுத்தும்வரை அடையாளம் மாறாமல் வந்தது. இந்த வகைப் படத்துக்கு அதைவிட நல்ல கார் கிடையாது என்பது என் கட்சி. உருண்டையான மட்கார்டில் ஓடுகிற வேலி முழுவதும் வளைந்து தெரியும். இன்றைய எஸ்யூவிகளில் எல்லாம் மடிப்பும் வெட்டும்தான், பிம்பம் துண்டுதுண்டாகிப் போகிறது. முந்தைய நாள் ராத்திரி உட்கார்ந்து மாமா பம்பரையும் வீல் கப்பையும் பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தார்.

நான் உட்கார்ந்தது பங்காளியின் மாருதி ஆம்னி வேனில். இதற்கென்றே செய்ததோ என்று தோன்றும் வண்டி. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும், பக்கக் கதவு நகர்ந்து திறக்கும். ஆனால் பின்கதவைத் தூக்கிவிட்டு ஓட்டினால், வண்டிக்குப் பின்னால் சுழல்கிற காற்று சைலன்சர் புகையை உள்ளே இழுத்துவரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலைவலி வந்தபிறகுதான் தெரியும். முன் ஜன்னல்களை முழுதாக இறக்கி, உள்ளே காற்று முன்னிருந்து பின்னால் ஓடும்படி வைத்துக்கொண்டோம். சில நிமிடத்துக்கு ஒருமுறை கதவை மூடி ஓய்வு. மலையேறுபவர்கள் இடுப்பில் கட்டுகிற பெல்ட்டை நான் கட்டி, அதை சீட்டின் இரும்புச் சட்டத்தோடு பிணைத்திருந்தேன். கேமரா வாரையும் அதே இடத்தில். ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை தொங்கிக்கொண்டு எடுக்கிற வீடியோக்களைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். ஆபத்தாக ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 184-வது பிரிவே இருக்கிறது. அதைவிட, தார் ரோடு தோலை உரிக்கும்.

ஊதியூர் மலை கண்ணில் படுகிற ஒரு கிளை ரோட்டைப் பிடித்தோம். அதிகாலையில் பால் வண்டி தாண்டிவிட்டால் அப்புறம் ரொம்ப நேரத்துக்கு யாரும் வருவதில்லை. முதலில் படமெடுக்காமல் போய்த் திரும்பி, குழி எங்கே, வேகத்தடை எங்கே, மாடு வெளியே வருகிற படல் எங்கே என்று பார்த்துக்கொண்டோம். ஆம்னி நடுக்கோட்டை ஒட்டிப் போக, அம்பாசிடர் பின்னால் இடது ஓரமாக வர வேண்டும். அப்படி விலகி வந்தால் ஒன்றுக்கு இரண்டு லாபம். முன்வண்டி திடீரென்று நின்றாலும் பின்வண்டிக்கு வழி இருக்கும். படத்தில் காரின் முகமும், ஓட்டுபவர் பக்கமும், அதற்கப்பால் வேலியும் ஒன்றாகக் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் 70 மில்லிமீட்டர் லென்ஸ் சரியாக இருக்கும்.

"நாப்பதுல போறதுக்கு எதுக்கு மாப்ளே காரு? கட்டை வண்டியே பூட்டியிருக்கலாமுல்ல?" என்றார் மாமா.

"அறுபதுல போனா என்ற கைதான் மாமா ஆடும். நீங்க கேமராவைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க."

"சரி சரி, பாக்கல, போ."

பார்த்தார். பாதிப் படங்களில் மாமா கேமராவைப் பார்த்துக் கல்யாண வீட்டு வாசலில் வரவேற்கிற மாதிரி சிரிக்கிறார்.

எடுக்கிறவன் உடம்பு வண்டியில் சாயக்கூடாது. முழங்கையைக் கதவிலோ சீட்டிலோ ஊன்றினால் எஞ்சின் அதிர்வு நேராகக் கேமராவுக்குப் போகும். கையை உடம்போடு ஒட்டி, கேமராவை அந்தரத்தில் பிடித்து, வ்யூஃபைண்டரில் நம்பர் பிளேட்டை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு அழுத்தியபடியே இருக்க வேண்டும். பத்துக்கு ஒன்று தேறினால் பெரிய விஷயம். தேறியதா என்று பார்க்க நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். எழுத்து படிக்க முடிந்தால் படம் பிழைத்தது.

தாராபுரம் தாண்டி உடுமலை ரோட்டில் காற்றாலைகள். இங்கே ஒரு வேடிக்கை. கண்ணுக்கு வேலி நிற்கிறது, காற்றாலை சுற்றுகிறது. படத்தில் தலைகீழ். பெரிய காற்றாலை நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றினால், 1/50 நொடியில் இரண்டு டிகிரிகூடத் திரும்பாது. அதுவும் தூரத்தில் இருப்பதால் இறக்கை அப்படியே உறைந்து நிற்கும். வேலி மட்டும் தலைதெறிக்க ஓடும். ஆடிக் காற்றில் எடுத்த படம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இறக்கை சுற்றுவதைக் காட்ட ஷட்டரை அரை நொடிக்கு இறக்க வேண்டும், அவ்வளவு நேரம் ஓடும் வண்டியில் கை நிற்காது. அதனால் இங்கே காற்றாலையை விட்டுவிட்டேன். வழியில் கொஞ்ச தூரம் பனைமர வரிசை வந்தது, அதுதான் நன்றாக ஓடியது.

பொள்ளாச்சியை நெருங்க நெருங்கப் புளியமரங்கள். நான்கு வழிச்சாலை ஆன இடங்களில் மரமும் போய்விட்டது. நடுத்தடுப்பில் அரளிதான், அது ஓடினால் இளஞ்சிவப்புத் தீற்றல் கிடைக்கும், அதோடு சரி. மரம் மிச்சமிருக்கிற இடத்தில் கதையே வேறு. தலைக்கு மேல் கிளைகள் கூடுகிற இடத்தில் அம்பாசிடரின் பானெட்டைக் கவனித்தேன். நிழலும் வெளிச்சமும் முன்விளிம்பில் ஏறி, வளைவில் மெலிந்து, முன்கண்ணாடிக்குக் கீழே வந்து மறைகின்றன. 1/50-ல் அவை புள்ளியாக இல்லாமல் நீண்ட வெள்ளி இழைகளாகப் பானெட் முழுவதும் படிந்தன. வெளிச்சம் ஒவ்வொரு நொடிக்கும் மாறுவதால் கேமரா தானாக வெளிச்சத்தை அளப்பது தடுமாறும். அப்பர்ச்சர், ஷட்டர் இரண்டையும் நிலைநிறுத்தி, ஐஎஸ்ஓவை மட்டும் அதன் போக்கில் விட்டேன்.

இந்த வேலையைப் பயமில்லாமல் பழக வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி இடம்தான் சரி. 1995-ல் விமான விபத்தில் இறந்த பந்தய ஓட்டுநர் கரிவர்தன் பெயரில் இருக்கிற மைதானம். எதிரே வண்டி வராது, மாடு வராது. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்று ஓட்டிய நரேன் கார்த்திகேயன் ஊராயிற்றே கோவை, கார் பைத்தியத்துக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் பந்தய மைதானத்தில் கிளுவை வேலிக்கு எங்கே போவது?

ஆழியாருக்கு மேலே வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஆம்னியின் பின்கதவைத் திறக்கவே இல்லை. வளைவில் இரண்டு வண்டியின் வேகமும் ஒத்துப்போகாது, எதிரே வருகிற பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். ஒன்பதாம் வளைவில், அணை கீழே விரிகிற இடத்தில் இறங்கி நின்று, ஏறிவருகிற காரோடு கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். தடுப்புச் சுவர்மேல் வரையாடு ஒன்று நின்றது. எல்லார் போனும் அதன் பக்கம் திரும்பிவிட்டதால் மாமா காரை யாரும் கவனிக்கவில்லை. அவருக்கு அதில் வருத்தம்தான்.

இறங்கிவந்து அணைக்கட்டுக் கடையில் மீன் வறுவல் சாப்பிடும்போது கேமராத் திரையில் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் சரி. வீல் கப்பு எங்க மாப்ளே?"

"சுத்துதுங்க மாமா, அதுதான் தெரியல. சுத்துனாத்தான் ஓடற காரு."

"ஓடறது ஊருக்கே தெரியும். ராத்திரி பூரா தேச்சது யாருக்குத் தெரியும்?"

கடைசியில் அவர் கேட்டு வாங்கியது, ஊதியூர் பக்கம் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்து எடுத்த படத்தை. பின்னால் வேலியும் அசையாமல் நிற்கிறது. வீல் கப் மட்டும் பளபளவென்று, அதில் படமெடுக்கிற நானும் குட்டையாகத் தெரிகிறேன்.