ஐயாற்றைப் பாடிய இரண்டு பாட்டு

தியாகராஜர் திருவையாற்றைப் பாடிய ‘சாரி வெடலின’, ‘முரிபெமு’ என்ற இரண்டு தெலுங்குக் கீர்த்தனைகளைச் சொல்லிக் கொடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தஞ்சாவூரில் பஸ் ஏறினால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டித்தான் திருவையாற்றுக் காவிரிக்கு வர வேண்டும். ‘சாரி வெடலின’ பாட்டில் காவிரியோடு சேர்ந்த அந்த ஐந்தும் இருக்கின்றன. ‘மூடு ரெண்டு நதிநாதுனி’ என்றால் மூன்றும் இரண்டுமான ஆறுகளின் நாயகர், ஐயாறப்பர். 1767இல் திருவாரூரில் பிறந்தாலும், 1847இல் மறையும்வரை தியாகராஜருக்கு ஊர் என்றால் இதுதான்.

இந்த வரி வரும் இரண்டாம் சரணத்தில் காவிரி முதலில் அரங்கனைப் பார்த்துவிட்டு, பிறகு ஐயாறப்பரிடம் வருகிறாள். ஆறு ஓடும் வழியும் அதே. ஸ்ரீரங்கம் மேற்கே இருக்கிறது. நேரமில்லை என்று கச்சேரியில் ஒரே சரணத்தோடு முடித்துக்கொண்டால் ஊர் வந்து சேராது. மூன்று சரணங்களையும் பாடுங்கள்.

முதல் சரணத்தில் ஆற்றுக்கு மூன்று நடை: ஓரிடத்தில் விரைவு, ஓரிடத்தில் அச்சம் தரும் முழக்கம், ஓரிடத்தில் கருணை ததும்பும் நிதானம். பலர் மூன்றையும் ஒரே அழுத்தத்தில் பாடிவிடுகிறார்கள். வேறு சிலர் வேகத்தைக் காட்டத் தாளத்தையே முடுக்குகிறார்கள். ஆதி தாளத்தின் காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகம், அசையக் கூடாது. வித்தியாசம் குரலில்தான் தெரிய வேண்டும். தமிழெழுத்தில் படித்துப் பாடும் பிள்ளைகள் ‘கர்ஜன’ என்பதை வல்லினமாக உச்சரித்துவிடுவார்கள். அது ‘கங்கை’யின் முதலெழுத்தைப் போல மெல்ல ஒலிக்கும் மூன்றாவது ‘க’ என்று தெரிய, அந்தக் ‘க’வின் மேல் 3 போட்டுக் கொடுங்கள்.

ராகம் அசாவேரி. ஏறும்போது ச ரி ம ப த ச. காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) கிடையாது. கவனம் தப்பி ரி க ம என்று ஏறினால் தோடி ராகம் வந்து நின்றுவிடும். தோடிதான் 8ஆவது மேளம், அதாவது தாய் ராகம்; அசாவேரி அதில் பிறந்தது.

‘முரிபெமு’ முகாரி ராகத்தில். சோழ நாடு, பஞ்சநதம் என்னும் திருவையாறு, காவிரிக் கரை, அங்கு வீசும் தென்றல் எல்லாம் அதில் உண்டு. முகாரி என்றால் அழுகை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பாட்டு இதுதான், எத்தனை பெருமிதம்! சிக்கல் தைவதத்தில் (த). ஏறும்போது ப நி த ச, சற்று உயர்ந்த சதுச்ருதி தைவதம். இறங்கும்போது ச நி த ப, தாழ்ந்த சுத்த தைவதம். இங்கும் ரி க ம என்று ஏறினால் பைரவி ராகம் ஆகிவிடும். ரி ம ப என்றே போக வேண்டும். சாகித்தியத்தைத் (பாட்டு வரிகளை) தொடுமுன் ப நி த ச, ச நி த ப என்ற இரண்டு பிடிகளையும் தம்பூரா சுருதியில் மெதுவாகப் பத்து முறை பாட வையுங்கள்.